மணிமுடிக்குப் பலியான மாணவன்

1889ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் காலை. வியன்னா நகருக்குத் தென்மேற்கே, காடு சூழ்ந்த மேயர்லிங் சிற்றூர். குளிர் கொட்டும் அந்த நேரத்தில், வேட்டைக்கு வந்த விருந்தினர் காத்திருக்கின்றனர். இளவரசன் எழுந்து வரவில்லை. பணியாள் கதவைத் தட்டுகிறான், பதில் இல்லை. மீண்டும் தட்டுகிறான், அசைவில்லை. கோடரியால் கதவின் பலகையைப் பிளந்து உள்ளே நோக்குகிறான். ஐயோ! இரண்டு பிணங்கள்! ஒன்று, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் முடிக்குரிய இளவரசன் ருடால்ப், வயது 30. மற்றொன்று, மேரி வெட்செரா எனும் இளம்பெண், வயது 17.

"காதல்! காதல்! காதல் போயின் சாதல்!" என்று கண்ணீர் வடித்தனர் கதை புனைவோர். நாவல் எழுதினர், நாடகம் ஆடினர், 1936இல் ஒரு படம், 1968இல் மற்றொரு படம் என்று திரையிலும் தீட்டினர். அரண்மனையின் இரத்தத்தைத் துடைத்துவிட்டு, அவ்விடத்தில் ரோஜா மலர்களைத் தூவினர். பார்த்தவர்கள் பெருமூச்செறிந்தனர், படித்தவர்கள் விம்மினர்.

நாம் விம்ம மறுக்கிறோம். நெஞ்சில் ஈரம் இல்லாமையால் அல்ல. அழவேண்டிய இடம் அந்தப் படுக்கையறை அல்ல என்பதால். முப்பதாண்டுகளுக்கு முன்பே, ஒரு தொட்டிலின் அருகே அழுதிருக்க வேண்டும் என்பதால். ருடால்பைக் கொன்றது காதல் அன்று. கைத்துப்பாக்கி வெறும் கருவி. பிறப்பினாலே பதவி எனும் பழைய பாழுங்கிணறுதான் அவனை விழுங்கியது. அவனோடு ஏதுமறியாப் பதினேழு வயதுப் பெண்ணொருத்தியையும் விழுங்கியது. இதை மெய்ப்பிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொட்டிலில் ஒரு தளபதி

1858ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள் லாக்சன்பர்க் அரண்மனையில் அவன் பிறந்தான். 101 பீரங்கிகள் முழங்கின. இரண்டாண்டு மூத்தவளாக அக்காள் கிசெலா இருந்தாள். அவளுக்கு அரியணை இல்லை, ஏனெனில் அவள் பெண். தம்பி ஆண், ஆகவே அவனுக்கு எல்லாம் உண்டு. பிறந்த அன்றே 19ஆம் காலாட்படைப் பிரிவுக்குக் கர்னல் ஆக்கினான் தந்தை, பேரரசன் பிரான்ஸ் ஜோசப். பல் முளைக்கவில்லை; படைத்தலைமை முளைத்துவிட்டது! கழுத்து நிற்கவில்லை, கழுத்திலே விருது தொங்கத் தகுதி வந்துவிட்டது!

ஹாப்ஸ்பர்க் குலத்தின் மூதாதை ஒருவனின் பெயரைத்தான் குழந்தைக்குச் சூட்டினர். அந்த முதல் ருடால்ப், 1273ஆம் ஆண்டு ஜெர்மானிய வேந்தனானவன். எப்படி ஆனான்? தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசர்கள் கூடித் தேர்ந்தெடுத்ததால் ஆனான்! குலத்தின் பெருமைக்கு வித்திட்டவன் தேர்வினால் வந்தவன். அவன் பெயரைத் தாங்கியவனோ தொட்டிலினால் வந்தவன். தேர்வைத் தொலைத்தார்கள், பெயரை மட்டும் காத்தார்கள்.

ஆறு வயதில் அன்னையிடமிருந்தும் செவிலியிடமிருந்தும் பிரித்து, கோந்த்ரகூர் எனும் படைத்தலைவனிடம் பிள்ளையை ஒப்படைத்தனர். வீரம் ஊட்டுகிறானாம்! நள்ளிரவில் துப்பாக்கி வெடித்து எழுப்பினான். பனியிலே, விளக்கொளியிலே அணிவகுத்து நடக்க வைத்தான். குளிர்ந்த நீரைக் கொட்டினான். லைன்ஸ் காட்டுத் தோட்டத்தில் குழந்தையைத் தனியே நிறுத்தி, வாயிலைச் சாத்திவிட்டு, "காட்டுப்பன்றி வருகிறது!" என்று வெளியே இருந்து கூச்சலிட்டான். பிள்ளை நடுங்கியது, நோயுற்றது. மன்னன் வாளாவிருந்தான். 1865இல் அன்னை எலிசபெத், "பிள்ளைகளைப் பற்றிய முடிவு என் கையில் இருக்கவேண்டும்" என்ற பொருள்பட எழுத்திலே இறுதி எச்சரிக்கை விடுத்த பின்னரே அந்தக் கொடுமை ஓய்ந்தது.

ஏழைக் குடிசையில் ஒரு தகப்பன் தன் மகனை இப்படி வதைத்தால் ஊர் கூடித் தடுக்கும். அரண்மனையில் நடந்தால் அதற்குப் பெயர் அரச பயிற்சி!

ஆசான்கள் ஐம்பதின்மர்

கோந்த்ரகூர் போனான், லாத்தூர் வந்தார். இவரும் படைவீரரே, ஆயினும் பரந்த நெஞ்சினர். நாட்டின் சிறந்த அறிஞர்களைத் தேடிப்பிடித்து வந்தார். பிரபுக்களை அல்ல, புலமையாளரை. ஏறத்தாழ ஐம்பது ஆசிரியர்கள் அந்த ஒரு மாணவனுக்குக் கற்பித்தனர். நில இயலுக்கு ஹோக்ஸ்டெட்டர். பொருளியலுக்கு, உலகப் புகழ்பெற்ற கார்ல் மெங்கர். பையனோ கற்பூரம். பற்றிக்கொண்டான்!

பதினைந்து வயதளவில் தன் குறிப்பேட்டில் அவன் எழுதி வைத்த கருத்துக்களைக் காண்மின்: முடியாட்சி என்பது மாபெரும் இடிபாடு, இன்றிலிருந்து நாளை வரை நிற்கும், ஆயினும் இறுதியில் விழுந்தே தீரும். குருமாரும் செருக்குற்ற பிரபுக்களும் கைகோத்துக்கொண்டு, மக்களிடையே சுதந்திர எண்ணம் வளராமல் தடுத்து வந்தனர். எழுதியது யார்? எரிமலை எழுத்தாளனா? இல்லை. அரண்மனைத் தூணே தன் கூரையைப் பார்த்து இவ்வாறு கூறிற்று!

1884ஆம் ஆண்டு வியன்னாவிலே பாஸ்டியன் எனும் ஒருவன், ஆவிகளை வரவழைக்கிறேன் என்று கூறிப் பெருங்குடி மக்களை ஏய்த்து வந்தான். இருண்ட அறை, நடுங்கும் கூட்டம், வெண்ணிற உருவம்! ருடால்பும் உறவினன் ஜோஹானும் அவனை அழைத்தனர். மறைவாகக் கதவிலே பொறி வைத்தனர். ஆவி உலவ வந்ததும் பொறியை இழுத்தனர், கதவு மூடிற்று, அகப்பட்டது ஆவியா? ஆவி வேடம் பூண்ட ஆசாமி! பகுத்தறிவாளர் செய்யும் பணியைப் பட்டத்து இளவரசன் செய்தான். பறவைகளை ஆராய்ந்து நூல் எழுதினான். வியன்னாப் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் தந்தது. ஆயின், மாணவனாக அப்பல்கலைக்கழகத்தில் அமர்ந்து பயில அவனுக்கு வழி இல்லை. அரசன் மகன் கடைக்காரன் மகனோடு ஒரே பலகையில் அமர்வதா? குலம் என்னாவது!

நாம் பள்ளி ஆசிரியர். நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவராக நின்று, சுண்ணக்கட்டித் தூளைச் சுவாசிப்பவர். ஒரு பிள்ளைக்கு ஐம்பது ஆசான்கள் என்று படிக்கும்போது எமக்குப் பொறாமை பொங்கத்தான் செய்தது. ஐரோப்பிய வரலாறு நடத்திக்கொண்டிருந்த நாளொன்றில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன் எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, அரசராவதற்கு எந்தப் பரீட்சை தேற வேண்டும்?" வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. எத்துணைக் கூரிய கேள்வி! மருத்துவனாகத் தேர்வு உண்டு. வண்டி ஓட்ட உரிமம் உண்டு. எழுத்தராகவும் தேர்வு எழுத வேண்டும். ஐந்து கோடி மக்களை ஆள? ஒன்றும் வேண்டியதில்லை; உரிய வயிற்றில் பிறந்தால் போதும்.

இதைத்தான் தோழர்களே, எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வில்லாத பதவி, தகுதியற்றவனைத் தூக்கி வைக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. தகுதி உள்ளவனையும் அது கொல்கிறது என்பதே நாம் சுமத்தும் குற்றச்சாட்டு.

நாவில்லா இளவரசன்

1878ஆம் ஆண்டு, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. ஆஸ்திரியப் பிரபுக்களின் சோம்பலை, கல்வியில் நாட்டமின்மையை, பொதுப்பணியில் பொறுப்பின்மையைச் சாடிய நூல். ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவன் இருபது வயது நிரம்பாத ருடால்ப். துணை நின்றவர் ஆசிரியர் மெங்கர். நாளை நாடாளப் போகிறவன், நாட்டின் நோயைச் சொல்ல அயல்நாட்டு அச்சகத்தை நாடினான். தன் பெயரை மறைத்தான்!

பின்னர், மோரிட்ஸ் ஷெப்ஸ் எனும் யூத இதழாசிரியரின் நட்புக் கிடைத்தது. அவருடைய நாளேட்டுக்குக் கட்டுரைகள் எழுதினான், மறைவாக. பெயரின்றி. திருட்டுப் பொருள் கடத்துவோர்போல நம்பிக்கையான ஆட்கள் வழியே தாள்கள் போயின, வந்தன. யூதரோடு உறவாடுகிறான் என்று இனவெறியர் ஏசினர். ஒற்றர்கள் பின்தொடர்ந்தனர். யாரை? பேரரசனின் ஒரே மகனை! வண்டிக்காரன் தன் மனத்தில் பட்டதைச் சாராயக்கடையிலாவது சொல்லலாம். பட்டத்து இளவரசன் எங்கும் சொல்ல இயலாது. பொன்னால் வேய்ந்த வாய்ப்பூட்டு அவன் பெற்ற பரிசு.

அப்போது பேரரசின் நிலை என்ன? 1859இல் லொம்பார்டி போயிற்று. 1866இல் கோனிக்ரேட்ஸ் போர்க்களத்தில் பிரஷியாவிடம் தோற்று, அதே ஆண்டில் வெனிஷியாவும் கைவிட்டுப் போயிற்று. 1867இல் ஹங்கேரியப் பிரபுக்களோடு உடன்படிக்கை. ஒரு பேரரசு இரண்டு அரசுகளாயிற்று. ஜெர்மன், மாகியார், செக், போலந்து, உக்ரேன், ருமேனியா, குரோவாசியா, செர்பியா, சுலோவாக்கியா, சுலோவேனியா, இத்தாலி என்று பதினொரு மொழி பேசும் மக்கள் ஒரே குடையின் கீழ்! ஜெர்மன் மொழியாளரும் மாகியார் மொழியாளரும் குடைக்காம்பைப் பிடித்தனர். ஏனையோர் குடைக்கு வெளியே நனைந்தனர்.

ருடால்ப் இந்த மக்களையெல்லாம் அறிய விழைந்தான். 'ஆஸ்திரிய-ஹங்கேரிய முடியரசு - சொல்லிலும் ஓவியத்திலும்' என்று ஒரு பெருந்தொகுப்பைத் திட்டமிட்டான். 1885இல் முதற்பகுதி வெளிவந்தது. அவன் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1902இல் முற்றுப்பெற்றது. ஜெர்மன் பதிப்பு மட்டும் 24 தொகுதிகள். ஒவ்வொரு இனத்தின் பாட்டும் பழக்கமும் வீடும் விழாவும் அதில் விரிந்தன. நல்ல பணிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நூல் எந்த மொழிகளில் அச்சாயிற்று? ஜெர்மனிலும் ஹங்கேரிய மொழியிலும்! செக் மக்களின் சிறப்பைச் செக் மொழியில் காணோம். சுலோவாக் மக்களின் வாழ்வைச் சுலோவாக் மொழியில் காணோம். புகழ் உனக்கு, மொழி எனக்கு! நல்லெண்ணம் கொண்ட இளவரசனின் எல்லை அதுதான். அரண்மனைச் சாளரத்திலிருந்து மக்களைப் பார்க்கலாம், படம் எழுதலாம். மக்களின் நாவால் மக்களே பேச வேண்டும் என்ற எண்ணம் அந்த உயரத்தில் எளிதில் உதிப்பதில்லை.

காத்திருப்பு எனும் கொடுநோய்

கணக்குப் போடுவோம், நாம் ஆசிரியர் அல்லவா? பிரான்ஸ் ஜோசப் 1848இல், 18ஆம் வயதில் முடிசூடினான். மகன் பிறந்தபோது தந்தைக்கு வயது 28. தந்தை இறந்தது 1916 நவம்பரில். உயிரோடு இருந்திருந்தால் அன்று ருடால்புக்கு வயது 58! அந்த அரியணை காலியாவதற்கு ஒரே வழி தந்தையின் மரணம். ஐம்பது ஆசான்கள் ஊட்டிய அறிவை எடுத்துக்கொண்டு, மகன் ஐம்பத்தெட்டு வயது வரை வாயிற்படியில் நிற்க வேண்டும். தந்தையின் இருமலை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். தந்தையின் சாவை எதிர்நோக்குவதே தொழிலாக ஒரு மகனை ஆக்கிவைக்கும் ஏற்பாட்டுக்குப் புனிதம் என்று பெயர் சூட்டினரே, என்னே துணிவு!

ஆட்சிப் பணியில் பங்கு தரவில்லை. அயல்நாட்டுக் கொள்கையில் அவன் சொல் ஏறவில்லை. 1888இல் காலாட்படையின் தலைமை ஆய்வாளர் என்றொரு பதவியை உண்டாக்கித் தந்தனர்: அணிவகுப்பைப் பார், பொத்தான்களை எண்ணு, திரும்பி வா!

வேலையற்ற அறிவு விடமாயிற்று. மது வந்தது; மார்பியா வந்தது; மாதர் பலர் வந்தனர்; நோய் வந்தது. ருடால்பை உத்தமனாக்கிக் காட்ட நாம் எழுதவில்லை. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் மகள் ஸ்டெபனியை 1881 மே 10இல் மணந்தான். மணமகளுக்குப் பதினேழு நிரம்பப் பதினொரு நாள் பாக்கி! கத்தோலிக்க அரச குலமா, ஆம். பிள்ளை பெறுவாளா, பெறுவாள். போதும், தாலி கட்டு என்ற கணக்கில் நடந்த மணம். 1883இல் பெண் குழந்தை பிறந்தது. ஆண்மகன் இல்லையே என அரண்மனை முகம் சுளித்தது. பின்னர், கணவன் கொணர்ந்த நோய் மனைவியையும் பற்றியது. இனித் தாயாகும் பேறு இல்லை என்றாயிற்று. அந்தப் பெண் செய்த பிழை என்ன? அவளுக்காக எந்தக் கதாசிரியன் கண்ணீர் வடித்தான்?

பிணத்திலும் பேதம்

இறக்கத் துணிந்தவன் முதலில் அழைத்தது மேரியை அல்ல. மிட்சி காஸ்பர் எனும் நடனமாதை, "என்னோடு சாவாயா?" என்று கேட்டான். அவள் நகைத்து மறுத்தாள். அஞ்சிக் காவல்துறையிடமும் உரைத்தாள். இளவரசனின் ஒவ்வொரு அடியையும் எண்ணிய காவல்துறை, இதைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தது! அதன் பின்னரே, அவனைத் தெய்வமென நம்பிய பதினேழு வயதுப் பேதைப்பெண் அகப்பட்டாள். இதுவா காதல் காவியம்?

2015ஆம் ஆண்டு, வியன்னாவில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து அவள் எழுதிய விடை மடல்கள் கிடைத்தன. தானே விரும்பிச் சாவதாக எழுதியிருந்தாள். "பார்த்தீர்களா, மனமுவந்து போனாள்!" என்கின்றனர் காதல் கட்சியினர். நாம் நாள்தோறும் பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அந்த வயதின் உவப்பை முப்பது வயதுக்காரன், அதுவும் நாளைய பேரரசன், எவ்வளவு எளிதில் உருவாக்க முடியும் என்பதை அறிவோம். அவள் சம்மதம் அவனுக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

சாவுக்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். அரண்மனை முதலில் அறிவித்தது: இளவரசன் நெஞ்சடைப்பால் மாண்டான். பொய்! இரண்டொரு நாளில் பொய் கிழிந்தது. தற்கொலை என ஒப்பினர். அப்படியானால் திருச்சபை முறைப்படி அடக்கம் எப்படி? மருத்துவர் சான்று வந்தது: மூளையிலே கோளாறு, சித்தம் கலங்கிய நிலை. சட்டம் வளைந்தது; சமயம் நெளிந்தது; கப்புசின் கல்லறையில் முன்னோர் அருகே இடம் கிடைத்தது. ஏழை ஒருவன் தூக்கிட்டு மாண்டால் இந்தச் சான்றை எந்த மருத்துவர் எழுதிக் கொடுப்பார்?

மேரிக்கு? அவள் அங்கே இருந்ததே இல்லை என்று ஆக்க வேண்டும். ஒரு நாளுக்கும் மேலாகப் பிணம் கிடந்தது. உறவினர் இருவரை வரவழைத்தனர். பிணத்துக்கு ஆடை உடுத்தச் செய்தனர். உயிருள்ளவள்போல் வண்டியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இருபுறமும் இருவரும் தாங்கிப் பிடிக்க, நள்ளிருளில் கடத்தினர்! ஹைலிகன்க்ராய்ஸ் மடத்துக் கல்லறையில் ஓசையின்றிப் புதைத்தனர். அவள் பெயரை அச்சிட்ட ஏடுகளைப் பறித்தனர். ஒரே அறையில், ஒரே இரவில் மாண்ட இருவர். ஒருவனுக்கு மணியோசை, ஒருத்திக்கு மண்ணும் மறைப்பும். பிறப்பின் பேதம் பிணத்தையும் விடவில்லை.

ருடால்ப் மனைவிக்கு எழுதினான், அன்னைக்கு எழுதினான், தங்கைக்கு எழுதினான். தந்தைக்கு ஒரு வரியும் இல்லை. அந்த வெற்றுத்தாளே முடியாட்சியின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு.

"அவன் ஆண்டிருந்தால்..."

இன்றும் சிலர் பேசுகின்றனர்: "ருடால்ப் முடிசூடியிருந்தால் பேரரசு பிழைத்திருக்கும்; உலகப் போரே வந்திராது!" நல்ல மன்னன் ஒருவன் வந்தால் எல்லாம் நலமாகும் என்ற நப்பாசை. ஐந்து கோடி மக்களின் வாழ்வு ஒரு மனிதனின் குடலும் மூளையும் மனநிலையும் சரியாக இருப்பதைப் பொறுத்தது என்றால், அந்த ஏற்பாடே பைத்தியக்காரத்தனம் அல்லவா? ருடால்ப் நல்லவன் என்றே கொள்வோம். அவனுக்குப் பின்? அவன் மகனுக்குப் பின்? சூதாட்டத்தில் ஒரு முறை வென்றதற்காகச் சூதாட்டம் நல்லதாகிவிடாது.

அடுத்த வாரிசைப் பாருங்கள். பிரான்ஸ் பெர்டினாண்டு, சோபி எனும் பிரபு குலப் பெண்ணை விரும்பினான். பிரபு குலமேயானாலும் அரச குலம் அல்லவே! 1900 ஜூன் 28இல், தன் பிள்ளைகளுக்கு அரியணை இல்லை என்று அவன் ஆணையிட்டுக் கொடுத்த பின்னரே மணம் நடந்தது. சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28இல், சரயேவோ நகரில் இருவரும் சுடப்பட்டனர். வியன்னாவில் இரு சவப்பெட்டிகளை வைத்தனர். அவளுடையதைத் தாழ்த்தி வைத்தனர்! அதன் மேல் ஓர் இணைக் கையுறையும் ஒரு விசிறியும். பணிப்பெண்ணின் நிலையை நினைவூட்டும் அடையாளங்கள் என்றனர். குண்டுக்குத் தெரியாத குலபேதம் சவப்பெட்டிக்குத் தெரிந்தது.

பின் போர், இலட்சக்கணக்கில் உழவரும் உழைப்பாளரும் மாண்டனர். 1918 நவம்பர் 11இல் கடைசி மன்னன் கார்ல் ஆட்சியிலிருந்து விலகினான். மறுநாள் குடியரசு பிறந்தது. 1919 ஏப்ரல் 3இல் பிரபுப் பட்டங்களைச் சட்டம் துடைத்தெறிந்தது. பதினைந்து வயதுப் பையன் குறிப்பேட்டில் எழுதிய இடிபாடு இடிந்தே விட்டது.

"இன்றும் ஐரோப்பாவில் மன்னர்கள் உளரே" என்பார் உண்டு. உளர். ஸ்வீடன் நாட்டில் 1979இல் பிறந்த ஆண்மகவு பட்டத்துக்குரியவனாக இருந்தான். 1980 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம், மூத்தவளான அக்காளுக்கே உரிமை என்றது. தவழும் பிள்ளையின் பட்டம் தாளொன்றில் மாறிற்று. வானம் இடியவில்லை! இறைவன் தந்த உரிமை என்றார்களே, அதைப் பாராளுமன்றம் கை தூக்கி மாற்றியது. மாற்ற முடிந்ததை நீக்கவும் முடியும்.

பெயரில்லாக் கல்லறை

முடிவாக ஒரு செய்தி. ருடால்ப் விட்டுச் சென்ற ஐந்து வயது மகள் எலிசபெத் மாரி. ஆண் அல்லாததால் அரண்மனை கணக்கில் கொள்ளாத குழந்தை. அவர் வளர்ந்தார், அரச குல மணம் கசந்து முறிந்தது, பேரரசு வீழ்ந்தது, அம்மையார் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். மே நாள் ஊர்வலத்துக்குரிய கட்சியில், பேரரசனின் பேத்தி! 'செந்நிற இளவரசி' என்று ஊர் அழைத்தது. 1948இல் அவர் மணந்தவர் யார்? லியோபோல்டு பெட்ஸ்னெக்: ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர், நாஜிகளின் டாக்கௌ முகாமில் வதைபட்டு மீண்டவர், பின்னர் குடியரசின் தணிக்கை மன்றத் தலைவராக அமர்ந்தவர். பிறப்பால் அல்ல; உழைப்பால், தகுதியால்.

1963இல் அம்மையார் மறைந்தார். குலத்தின் அரும்பொருள்கள் குடியரசுக்குச் சேருமாறு செய்துவிட்டுப் போனார். கப்புசின் கல்லறையின் உலோகப் பேழை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வியன்னாவின் ஹூட்டெல்டார்ப் இடுகாட்டில், தம் ஆசிரியக் கணவரோடு, பெயர் பொறிக்காத கல்லறையில் உறங்குகிறார். தந்தை துப்பாக்கியால் தேடிய விடுதலையை, மகள் வாழ்ந்தே தேடிக்கொண்டார்!

செருப்புத் தைப்பவரின் மகனே, உன் கேள்விக்கு அன்று முழு விடை சொல்லவில்லை, இன்று சொல்கிறோம். அரசராவதற்குப் பரீட்சை இல்லை. ஆகையால்தான் அந்தப் பதவி உனக்கு வேண்டாம், எவருக்கும் வேண்டாம். தேறி அடையும் இடமே மனிதனுக்குப் பெருமை. மக்கள் தந்து மக்கள் எடுக்கும் பதவியே நாட்டுக்குக் காவல். அந்த நெறி ஆஸ்திரியாவில் முப்பதாண்டு முன்னதாக வந்திருந்தால், ருடால்ப் எனும் மாணவன் பறவைகளை ஆராய்ந்து, கட்டுரைகள் எழுதி, தன் பெயரைத் தானே கையொப்பமிட்டு, கிழவனாகிச் செத்திருப்பான். மேரி எனும் பெண் பாட்டியாகிச் செத்திருப்பாள்.

மேயர்லிங் மாளிகையை மன்னன் மடமாக்கினான்; மகன் மாண்ட அறை இருந்த இடத்தில் பலிபீடம் எழுப்பினான். பொருத்தமான சொல்தான்! பலி அங்கே நடந்தது உண்மை. பலி கேட்ட தெய்வத்தின் பெயரை மட்டும் எழுத மறந்தான். அதை நாம் எழுதுகிறோம்: பிறப்புரிமை!